இகுவானா, மலைப்பாம்பு போன்ற பெரிய ஊர்வனவற்றை வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் பராமரிப்பு முறையை நம்பலாமா?

நம்பாதீர்கள். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், உங்களை ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த விலங்கோடு அவருக்குள்ள பழக்கம் சில வாரங்கள் மட்டுமே. குஞ்சாக வந்து இறங்குகிறது, விற்றுப்போகிறது. அது வளர்ந்து ஆளாவதையும் நோயில் விழுவதையும் வாங்கியவர்தான் பார்க்கிறார். கடைக்கு அந்தச் செய்தி திரும்பி வருவதே இல்லை.

இரண்டடிக் கண்ணாடித் தொட்டி போதும், லெட்டூஸ் இலை போதும், தொட்டியின் அளவுக்குத்தான் இகுவானா வளரும் என்று கடைக்காரர் உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றுமே தவறு. முட்டையிலிருந்து வெளிவரும் பச்சை இகுவானா வாலோடு சேர்த்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் இருக்கும். நன்கு வளர்ந்த ஆண் 1.5 மீட்டரைத் தாண்டும், சில 2 மீட்டர் வரை போகும். ஒழுங்காகப் பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். மரத்தில் ஏறி வாழும் உயிர் என்பதால், ஆளுயரத்துக்குக் குறையாத கூண்டும் அதற்குள் ஏறிப் படுக்கத் தடித்த கிளைகளும் வேண்டும். சிறிய தொட்டியில் வைத்த விலங்கு வளராமல் நின்றுவிட்டால், அது நோயுற்றிருக்கிறது என்றுதான் பொருள்.

கடைகள் மிக மோசமாகக் கோட்டை விடுவது வெளிச்ச விஷயத்தில். புற ஊதாக் கதிர்களில் யுவிபி என்ற வகை, அதிலும் குறிப்பாக 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட கதிர்கள், தோலில் பட்டால்தான் இகுவானாவின் உடலில் வைட்டமின் டி3 போதிய அளவு உருவாகும். அது இல்லாமல் உணவில் உள்ள கால்சியத்தை உடல் ஏற்காது. ரத்தத்துக்குத் தேவையான கால்சியத்தை எலும்பிலிருந்தே உருவி எடுக்கத் தொடங்கிவிடும். கடையில் கொடுத்து அனுப்பும் விளக்கு பெரும்பாலும் வெறும் வெப்ப விளக்கு. சூடு தரும், இந்தக் கதிரைத் தராது. யுவிபி விளக்கே வாங்கினாலும், கண்ணுக்கு நன்றாக எரிவதாகத் தெரியும்போதே அதன் கதிர் வீச்சு குறைந்துவிடும். பெரும்பாலான குழல் விளக்குகளை 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வளர்க்க முடியாமல் கைவிடப்பட்ட ஊர்வனவற்றை ஏற்கும் காப்பகம் ஒன்றில் வார இறுதிகளில் உதவி செய்கிறேன். துணிக்கூடையில் வைத்து ஓர் இகுவானாவைக் கொண்டுவந்தார்கள். தொடைகள் இரண்டும் உருண்டு திரண்டிருந்தன. “கொழுகொழுவென்று நன்றாகத்தான் இருந்தது, இப்போது சில நாட்களாக எழுந்து நடக்க மாட்டேன் என்கிறது” என்றார் கொண்டுவந்த பெண்மணி. தொட்டுப் பார்த்தால் அது சதை இல்லை, கட்டைபோல் இறுகியிருந்தது. எலும்பு வலுவிழக்கும்போது, ஈடுகட்டுவதற்காக அதைச் சுற்றி உடல் நார்த்திசுவை அடுக்கிக்கொண்டே போகும், அதுதான் அந்த வீக்கம். கீழ்த்தாடையை மருத்துவர் விரலால் மெல்ல அழுத்தினார், ரப்பர்போல் வளைந்து கொடுத்தது. கால்விரல்கள் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பெண்மணி கடையில் கொடுத்த துண்டுத்தாளைப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் இருந்ததை ஒன்றுவிடாமல் செய்திருந்தார். வெயில் படட்டும் என்று தொட்டியை ஜன்னல் ஓரத்தில்கூட வைத்திருக்கிறார். கண்ணாடி யுவிபியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும் என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தத் தாளை அச்சடித்தவர்மேல் வந்தது, இன்றும் தணியவில்லை.

ஊர்வனவற்றின் உடல் நிதானமாக இயங்குவது. தவறான பராமரிப்பில் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும், நோயை வெளியே காட்டாமல் மறைக்கும். விழும்போது மொத்தமாக விழும். அதற்குள் வாங்கியவர் கடையை மறந்திருப்பார். “அதன் ஆயுள் அவ்வளவுதான்” என்று மனதைத் தேற்றிக்கொள்வார். அடுத்த வாடிக்கையாளருக்கும் அதே துண்டுத்தாள் போகும்.

மற்ற விலங்குகளிலும் இதே கதைதான். உள்ளங்கையில் அடங்கும் சுல்காட்டா ஆமைக்குஞ்சு வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டக்கூடும், மண்ணைக் குடைந்து வளை தோண்டும், வாங்கியவருக்குப் பின்னும் வாழும். காட்டில் பூச்சியும் நத்தையும் தின்று வாழும் சவன்னா உடும்புக்கு எலியையே தொடர்ந்து போடச் சொல்கிறார்கள். அது கொழுத்து, கல்லீரல் கெட்டுச் சாகிறது. பர்மிய மலைப்பாம்பு குஞ்சாக இருக்கும்போது சுமார் இரண்டடி. சில ஆண்டுகளில் 3 மீட்டரைக் கடந்துவிடும், பெண் பாம்பு 5 மீட்டரையும் எட்டலாம். அந்த அளவுப் பாம்பைத் தனி ஆளாகக் கையாளவே கூடாது. சமாளிக்க முடியாதவர்கள் வெளியே விட்டதும், கூண்டிலிருந்து தப்பியதுமாகச் சேர்ந்து, புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அது இனம் பெருக்கிவிட்டது. அமெரிக்கா 2012இல் அதன் இறக்குமதியைத் தடை செய்தபோது, அங்கே அது வேரூன்றிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

‘சூடான கல்’ என்று மின்சாரத்தில் இயங்கும் ஒன்றையும் விற்பார்கள். வாங்காதீர்கள். வயிறு வெந்துபோகும்வரை அதன்மேலேயே படுத்திருந்த விலங்குகளைப் பார்த்திருக்கிறேன். வெப்பம் வெயில்போல மேலிருந்து வர வேண்டும். இகுவானாவுக்கு ஒரு பக்கம் 35 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால், மறுபக்கம் 27 அளவில் இருக்க வேண்டும். எங்கே இருப்பது என்பதை அது முடிவு செய்யட்டும்.

வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “நான்கு ஆண்டு கழித்து, முழு வளர்ச்சியில், இதை வைத்துக்கொள்ள முடியாமல் போனால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?” தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் போய்வரும் தூரத்தில் இருக்கிறாரா என்பதையும் வாங்கும் முன்பே விசாரியுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லோரும் இவற்றைப் பார்ப்பதில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், இன்றே யுவிபி விளக்கை மாட்டுங்கள். லெட்டூஸை நிறுத்திக் கால்சியம் மிகுந்த கரும்பச்சை இலைகளுக்கு மாறுங்கள். பிறகு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுங்கள். வளைந்த எலும்பு நேராகாவிட்டாலும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் நோயை நிறுத்த முடியும். அதுவரை தூக்கும்போது காலையோ வாலையோ பிடிக்காமல், மார்பையும் இடுப்பையும் சேர்த்துத் தாங்குங்கள். கால்சியம் வற்றிய எலும்பு கைப்பிடியிலேயே முறிந்துவிடும்.