கணக்கில் சுமாரான பிள்ளையை ஸ்டெம் படிப்புக்கு அனுப்பலாமா? அதனால் உண்மையில் என்ன பயன்?

அனுப்பலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவது கொஞ்சம் நீளம், பாதியில் மூடிவிட்டுப் போனாலும் இந்தப் பதிலாவது உங்கள் கையில் இருக்கட்டும்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னைக் குத்திவிட்டது. மகள் கணக்கில் 60ஐத் தாண்டுவதே இல்லை, மற்ற பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் முடிப்பதை இவள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஸ்டெம் என்கிற அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் எல்லாம் சூட்டிகையான பிள்ளைகளுக்குத்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். ஒரு தேர்வில் நூற்றுக்கு 34 வாங்கியிருந்தேன். தாளைக் கொடுத்த ஆசிரியர் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "உனக்கு இது மண்டையில ஏறாது, வேற வழி பாத்துக்கோ" என்றார். நேரம் போதாமல் பாதிக்கு மேல் கணக்குகளை நான் தொடவே இல்லை. தொட்டவற்றில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதை அவரும் கவனிக்கவில்லை, வீட்டிலும் யாரும் கவனிக்கவில்லை, எனக்கே பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

இன்றைக்கு என் வேலை, மருத்துவமனைக் கருவிகளைச் சோதித்து, பழுது பார்த்து, பயன்படுத்தலாம் என்று கையெழுத்துப் போடுவது. பயோமெடிக்கல் டெக்னீஷியன் என்பார்கள். 22 வருடமாக இதே வேலை. ஈசிஜி, வென்டிலேட்டர், இன்ஃபியூஷன் பம்ப் எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். ஸ்டெம் படிப்பால் என்ன பயன் என்று கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது சம்பளமோ பதவியோ இல்லை, ஒரே ஒரு புகார்தான்.

வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். ட்ரிப்ஸ் ஏற்றும் பம்ப் ஒன்று வேகமாக ஓடுகிறது என்று ஒரு வார்டிலிருந்து அனுப்பியிருந்தார்கள். மணிக்கு 100 மில்லி என்று வைத்தால் 500 மில்லி பாட்டில் ஐந்து மணி நேரம் ஓட வேண்டும், ஆனால் அரை மணி முன்னாலேயே காலியாகிவிடுகிறதாம். இதைச் சோதிப்பது எளிது. தராசின் மேல் ஒரு குடுவையை வைத்து, பம்ப் தள்ளும் தண்ணீரை அதில் விழவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து எடை பார்க்க வேண்டும். ஒரு மில்லி தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு கிராம், அதனால் 100 கிராம் வந்தால் சரி. 99.6 வந்தது. "பழுதில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் அதே வார்டிலிருந்து வேறொரு பம்ப், அதே புகார். அதுவும் என் மேசையில் ஒழுங்காகவே ஓடியது. வார்டில் எண்ணைத் தப்பாக அழுத்துகிறார்கள் என்று எங்கள் பிரிவில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அதையேதான் நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது தடவை அந்த வார்டின் மூத்த சிஸ்டர் நேரே எங்கள் அறைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு நோட்டு. பதினோரு பாட்டில், ஒவ்வொன்றும் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது, எந்த பம்ப், குழாய் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தது, எல்லாம் வரிசையாக எழுதியிருந்தார். "நான் தப்பா அழுத்தியிருந்தா பதினோரு தடவையும் எப்படி ஒரே மாதிரி தப்பும்?" என்று கேட்டார். பதினோரு வரியிலும் 25லிருந்து 30 நிமிடம் வரை முந்தியிருந்தது. கை தவறினால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும், இப்படி ஒரே பக்கமாக ஒரே அளவு சாயாது. இதை நான் புள்ளியியல் பாடத்தில் படித்துத் தேறியிருக்கிறேன். ஆனால் எனக்கு அது புரிந்தது அந்த நோட்டைப் பார்த்தபோதுதான்.

அன்றைக்கு சாயங்காலம் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று தட்டுப்பட்டது. நான் சோதித்ததெல்லாம் என் பெட்டியில் இருந்த பழைய குழாயை மாட்டி. வார்டில் மாட்டுவது புதிதாக வாங்கிய, வேறு ஒருவர் தயாரித்த குழாய். இந்த வகை பம்பில் விரல்கள் மாதிரி வரிசையாக இருக்கும் தகடுகள் குழாயை வெளியிலிருந்து மாறி மாறி அழுத்தி நீரை முன்னே தள்ளும். உள்ளே எவ்வளவு போகிறது என்று அதற்குத் தெரியாது, தன் மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்பதை மட்டும்தான் எண்ணும். அப்படியானால் குழாயின் உள்விட்டம் மாறினால் கணக்கே மாறிவிடும். நெகிழும் குழாயை வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவி வைத்து அளக்க முடியாது, பிடித்தாலே நசுங்கும். அதனால் இரண்டிலும் ஒவ்வொரு மீட்டர் வெட்டி, வெறும் குழாயாக ஒரு தடவை, தண்ணீர் நிரப்பி ஒரு தடவை எடை போட்டேன். பழையதில் 7.1 கிராம் தண்ணீர், புதியதில் 7.8. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் பழையதின் உள்விட்டம் 3 மில்லிமீட்டர், புதியது 3.15. கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போகும் இல்லையா, விட்டம் 5 விழுக்காடு கூடினால் பரப்பு 10 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். மணிக்கு 110 மில்லி வீதம் போனால் 500 மில்லி சுமார் நாலரை மணி நேரத்தில் முடியும். சிஸ்டரின் நோட்டில் இருந்த அரை மணி நேரம் அப்படியே கணக்கில் வந்து நின்றது. நம்ப முடியாமல் நான்கு தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன். புதிய குழாயை மாட்டித் தராசில் வைத்தபோது 110 கிராம் வந்தது.

வட்டத்தின் பரப்பளவு, அவ்வளவுதான் அதில் இருந்த கணிதம். "இதைப் படிச்சு என்ன பண்ணப் போறோம்" என்று பள்ளியில் எல்லாரும் கேட்கும் அதே பாடம்.

சாதாரண சலைனுக்குப் பத்து விழுக்காடு கூடினால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதே பம்பில்தான் இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து ஏற்றுகிறார்கள், அங்கே பத்து விழுக்காடு வேறு பேச்சு. யாருக்கும் எதுவும் ஆவதற்கு முன் புதிய குழாய்ப் பெட்டிகளைத் திரும்ப எடுத்தோம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கொட்டிவிட வேண்டும், கேள்விக்கு நேரடித் தொடர்பு இல்லை என்று தெரியும். அந்த பம்பில் புதிய குழாய்க்கு ஏற்ப அளவைத் திருத்த ஒரு மெனு உண்டு. இரண்டு நிமிட வேலை. அதைத் திறக்கும் ரகசிய எண் தயாரித்த நிறுவனத்து ஆளுக்கு மட்டும்தான் தெரியும். சர்வீஸ் மேனுவல் கேட்டோம், தர மறுத்துவிட்டார்கள். ஆள் வர 19 நாள் ஆனது. பழைய குழாய் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது, மற்ற வார்டுகளில் சிஸ்டர்கள் சொட்டு எண்ணி ஓட்டினார்கள். 20 சொட்டு ஒரு மில்லி என்றால், மணிக்கு 100 மில்லிக்கு நிமிடத்துக்கு 33 சொட்டு. கடிகாரத்தையும் சொட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, 19 நாள். நிறுவனத்து ஆள் வந்தார், எண்ணைத் தட்டினார், போய்விட்டார். வாங்கிய கருவியைப் பழுது பார்க்கும் உரிமை, அதைப் பயன்படுத்தி உயிரைக் காப்பாற்றுகிற இடத்துக்கே இல்லை என்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மகள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறாள் என்றீர்களே, அதைக் குறையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். என் தொழிலில் அதற்குத்தான் சம்பளம். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானம் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. எரிபொருள் அளவுகாட்டி வேலை செய்யாததால் தொட்டியில் இருந்ததைக் கையால் அளந்து கணக்குப் போட்டிருந்தார்கள். தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க ஏறக்குறைய 0.8ஆல் பெருக்க வேண்டும், அவர்களோ 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள், அது பவுண்டுக்கான எண். அந்த நாடு அப்போதுதான் பழைய அலகுகளிலிருந்து மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது, அந்த விமானம் கிலோவில் கணக்கிடும் புது வகை. விமானிக்கு கிளைடர் எனும் இயந்திரமில்லா விமானம் ஓட்டிய அனுபவம் இருந்ததால், இயந்திரம் நின்ற விமானத்தை கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார், 69 பேரும் பிழைத்தார்கள். அங்கே கணக்குப் போட்டவர்கள் யாரும் பெருக்கத் தெரியாதவர்கள் இல்லை. போட்ட கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தார்கள், ஆனால் அதே தப்பு எண்ணை வைத்து. "இந்த 1.77 எந்த அலகுக்கு?" என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும். ஸ்டெம் படிப்பு பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியது இந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கத்தைத்தான். அதற்கு முதல் மதிப்பெண் தேவையே இல்லை.

இதைப் படித்துவிட்டு, கணக்கே வராத பிள்ளைகளையெல்லாம் இழுத்துவிடுகிறாய் என்று சிலர் வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. மெதுவாகச் சரியாகப் போடுவது ஒன்று, தப்பாகப் போட்டுவிட்டு ஏன் தப்பு என்று தெரிந்துகொள்ள விருப்பமே இல்லாமல் இருப்பது வேறு. உங்கள் மகள் முதல் வகை என்று நீங்கள் எழுதியதை வைத்து நினைக்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே கொல்லர் வீட்டுப் பிள்ளை, புத்தகம் பைண்டிங் செய்யும் இடத்தில் வேலை பழகியவர், உயர்கணிதம் படிக்கவே இல்லை. 1831இல் காந்தத்தை நகர்த்தினால் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது என்று அவர் கண்டது, மனதில் படம் போட்டு, சோதனை மேல் சோதனை செய்து. அந்தப் படத்துக்குச் சமன்பாடு கொடுத்த மேக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி பின்னால்தான் வந்தார். எல்லாப் பிள்ளையும் ஃபாரடே ஆகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அறிவியலுக்குள் நுழைய ஒரே வாசல்தான் என்று நினைக்க வேண்டாம் என்பதற்குத்தான்.

மொழியும் வரலாறும் படிக்கிறவர்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் தாய்மார்கள் காய்ச்சலில் சாகக் காரணம் என்று கண்டு, குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 விழுக்காட்டைத் தாண்டியிருந்த சாவு ஜூனில் 2 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. ஆனால் அதை அவர் முழுப் புத்தகமாக எழுதியது 1861இல், அதுவும் மற்றவர்களைத் திட்டித் தீர்த்து. எண்கள் சரியாகவே இருந்தன, ஆனால் பெரும்பாலான மருத்துவர்கள் ஏற்கவில்லை. எங்கள் சிஸ்டர் நோட்டைத் தெளிவாக எழுதாமல் வந்து கத்தியிருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன். அதனால் மகளுக்கு எழுதப் பேச நன்றாக வரும் என்றால் அதை விட்டுவிடச் சொல்லாதீர்கள், இந்தப் பக்கம் வந்தாலும் அது வேண்டும்.

வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். பட்டம் கையில் இருந்தாலே வேலை தேடி வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எனக்கே முதல் வேலைக்கு ஒன்றரை வருடம் ஆனது. ஆனால் ஸ்டெம் என்றால் மென்பொருள் மட்டும்தான் என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். பரிசோதனைக் கூடம், குடிநீர்ச் சோதனை, நில அளவை, வானிலை, இயந்திரப் பராமரிப்பு, புள்ளிவிவரம் என்று யார் கண்ணிலும் படாத வேலைகள் நிறைய இருக்கின்றன, என்னோடு வேலை செய்பவர்களில் பாதிப் பேர் பட்டயப் படிப்பு வழியாக வந்தவர்கள். நான் படித்த காலத்துக் கருவிகள் ஒன்றுகூட இப்போது புழக்கத்தில் இல்லை, ஒவ்வொன்றையும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது, அந்தச் சோர்வும் இந்தத் தொழிலில் உண்டு. ஓம் என்ற இயற்பியலாளர் மின்சாரத்தைப் பற்றி 1827இல் எழுதிய விதியை மட்டும் இன்று காலையிலும் பயன்படுத்தினேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். மகளுடைய பழைய விடைத்தாள்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, அவள் தொட்ட கணக்குகளில் எத்தனை சரி, தொடாமல் விட்டது எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். எண்ணிய பிறகு இங்கேயே எழுதுங்கள், பட்டயமா பட்டமா என்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். இந்த வாரம் எனக்கு இரவுப் பணி, பதில் கொஞ்சம் தாமதமாக வரும்.