வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்க வேண்டிய பட்டம் அல்ல

ஈரோட்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் கோவையில் பி.எஸ்சி. உளவியல் இறுதியாண்டு படிக்கிறான். பள்ளி நாட்களிலிருந்து சிலம்பம் சுற்றுகிறவன். பேச்சோடு நின்றுவிடாமல் மூச்சு, தசை, அசைவு ஆகியவற்றின் வழியாகவும் மனத்தின் காயத்தை அணுகுகிற உடல்சார் உளச்சிகிச்சையைக் கற்று, பெரியவர்களுக்குத் தனித்தனியாகச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது அவன் விருப்பம். பெரியப்பாவோ, இங்கே இந்தப் படிப்புக்கு மரியாதை கிடையாது, லண்டனில் ஓராண்டு முதுகலை முடித்து வந்தால்தான் நாளைக்குப் பெண் கொடுப்பார்கள் என்று சொல்லி, வீட்டுப் பத்திரத்தை வைத்து 30 லட்ச ரூபாய் கடன் வாங்கச் சொல்கிறார்.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எழுதி அனுப்புவதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. பெரியப்பா காட்டும் வழி தவறு.

பிரிட்டனில் 'மருத்துவ உளவியலாளர்' (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) என்பது சட்டப் பாதுகாப்புள்ள தொழிற்பெயர். அதற்கு முனைவர் நிலைப் பயிற்சியும் அங்குள்ள சுகாதாரத் தொழில் கவுன்சிலின் பதிவும் தேவை. ஓராண்டு முதுகலைப் பட்டம் அந்தப் பதிவைத் தராது; இந்தியாவுக்குத் திரும்பினாலும், இங்கே மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றத் தேவையான இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு அந்தப் பட்டத்தால் மட்டும் கிடைக்காது. 30 லட்சத்தை 10.5 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 40,000 ரூபாயைத் தாண்டும், புதிதாகத் தொழிலில் நுழையும் ஓர் உளவியலாளருக்கு அவ்வளவு மிச்சமாவது அரிது என்பதை அவரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். எம்.பி.ஏ., பி.எட்., வங்கித் தேர்வு ஆகியவற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் அவற்றுக்குள் போகவில்லை.

மகன் கேட்கும் துறை விளையாட்டான ஒன்று அல்ல. உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்டின் வட்டத்திலிருந்து வந்த வில்ஹெல்ம் ரைக், அடக்கிவைத்த உணர்ச்சிகள் தசை இறுக்கமாக உடலில் கவசம்போல் படிந்துவிடுகின்றன என்று 1930களில் எழுதினார். அவரிடம் பயின்ற அலெக்சாண்டர் லோவன், நிற்கும் நிலை, மூச்சு, அசைவு ஆகியவற்றை வைத்து அதை ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தார். பிற்காலத்தில் ரைக் நிரூபிக்கப்படாத ஒரு 'ஆற்றலை'ச் சேமிக்கும் பெட்டிகளை உருவாக்கி, நீதிமன்றத் தடையை மீறிய வழக்கில் 1957இல் சிறையிலேயே இறந்தார் என்பதையும் உங்கள் மகன் படிக்க வேண்டும். இந்தத் துறையில் மெய்யும் மிகையும் தொடக்கம் முதலே கலந்து கிடக்கின்றன. இன்று பரவலாகக் கற்பிக்கப்படும் முறைகளில் பீட்டர் லெவின் உருவாக்கிய 'சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்' ஒன்று, பாட் ஆக்டன் உருவாக்கிய 'சென்சரிமோட்டார் சைக்கோதெரபி' மற்றொன்று.

அறைக்குள் நடப்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். சாலை விபத்திலிருந்து பிழைத்த நாற்பது வயதுக்காரர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தும் லாரி ஹாரன் கேட்டால் அவருக்கு நெஞ்சு அடைக்கிறது. சிகிச்சையாளர் விபத்தின் கதையை முழுவதும் ஒரே மூச்சில் சொல்லவைப்பதில்லை. ஒரு வரி சொன்னதும் நிறுத்தி, இப்போது உடம்பில் எங்கே என்ன நடக்கிறது என்று கேட்கிறார். தோள் ஏறியிருக்கிறது, மூச்சு நின்றிருக்கிறது, வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல் விறைத்திருக்கிறது. உடனே கவனத்தைத் தரையில் பதிந்த பாதங்களுக்கும் முதுகைத் தாங்கும் நாற்காலிக்கும் கொண்டுபோய், உடல் சற்றுத் தணிந்த பிறகே மீண்டும் அந்த நினைவின் ஓரத்துக்கு அழைத்து வருகிறார். அன்று முடிக்க முடியாமல் போன அசைவை, அதாவது காலை அழுத்துவதையோ கையை முகத்துக்கு முன் கொண்டுவருவதையோ, மிக மெதுவாகச் செய்துபார்க்க விடுகிறார். சிலருக்கு நடுக்கம் வரும், சிலருக்கு நீண்ட மூச்சு வரும், சிலருக்கு அந்த வாரம் ஒன்றுமே வராது. இதற்கெல்லாம் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை; தொடுகிற முறைகளில் முன்கூட்டிய ஒப்புதலும், எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் கட்டாயம்.

நம் கடற்கரைக்கும் இந்தச் சிகிச்சை வந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தென்னிந்தியாவில் 13 கிராமங்களைச் சேர்ந்த 150 பேருக்கு 75 நிமிட உடல்சார் சிகிச்சை அளிக்கப்பட்டு, எட்டு மாதங்கள் கழித்தும் பெரும்பாலோரிடம் முன்னேற்றம் தெரிந்ததாக 2008இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் அதை ஊக்கம் தரும் செய்தியாக எடுத்துக்கொள்ளலாமே தவிர, நிரூபணமாக அல்ல. சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் பற்றி இஸ்ரேலில் 63 பேரைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டு, 2017இல் வெளியான சமவாய்ப்பு ஆய்வு இன்னும் உறுதியான ஆதாரம். இருந்தாலும், விபத்து, வன்முறை போன்ற அதிர்ச்சிகளுக்குப் பிந்தைய மனநோய்க்குச் சர்வதேச வழிகாட்டு நெறிகள் இன்றும் முதலில் சொல்வது, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையையும், கண்ணசைவுகளின் துணையோடு அதிர்ச்சி நினைவுகளை அணுகும் இ.எம்.டி.ஆர். முறையையும்தான். ஆகவே உங்கள் மகன் அவற்றையும் கற்றே ஆக வேண்டும்.

இதுவரை பெரியப்பாவோடு வாதிட்டேன், இனி மகனோடு. வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்து 'உடல்சார் சிகிச்சையாளர்' என்று பலகை மாட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவனுக்கு இருந்தால், அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நெஞ்சு அடைக்கிறது என்று வருபவருக்கு உண்மையில் இதயநோய் இருக்கலாம். உடலைக் கவனிக்கச் சொன்னதும் சிலர் சுற்றியிருப்பதே உணராத நிலைக்குப் போய்விடுவார்கள். தற்கொலை எண்ணத்தை வெளியே சொல்லாமல் ஒருவர் எதிரே அமர்ந்திருக்கலாம். இவற்றை அடையாளம் காணும் திறன் மனநல வார்டில், மூத்தவர்களின் மேற்பார்வையில், நோயாளிகளோடு உழைத்துத்தான் வரும்.

எனவே வரிசை இது: முதலில் நேரடி வகுப்பில் முறையான முதுகலை, மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த மருத்துவ உளவியல் பயிற்சி, பதிவு, அதன் பிறகே உடல்சார் முறை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளரை வரையறுப்பதும் இத்தகைய தகுதியை வைத்துத்தான். இந்தப் பயிற்சிக்கு வழியாக இருந்த எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டதால் படிப்பின் பெயர்களும் சேர்க்கை விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன; கல்லூரி விளம்பரத்தை நம்பாமல், கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரியும் அந்தப் படிப்பும் அந்த ஆண்டுக்கு அங்கீகாரம் பெற்றிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கட்டணம் கட்டுங்கள். சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் பயிற்சி மூன்றாண்டுகளில் கட்டம் கட்டமாக நடப்பது; மாணவரே சிகிச்சை பெற்றுப் பார்ப்பதும், மேற்பார்வையில் பணியாற்றுவதும் அதில் அடக்கம். கட்டணமும் கட்டங்களாகவே வருவதால் வேலை பார்த்துக்கொண்டே, தன் சம்பளத்திலிருந்தே அவனால் கட்ட முடியும்.

சிலம்பத்தில் எதிராளியின் தோளையும் பாதத்தையும் பார்த்தே அடுத்த வீச்சை ஊகிக்கப் பழகிய பிள்ளைக்கு இந்தத் துறையில் நாட்டம் வந்தது தற்செயலாக இருக்க முடியாது. அந்த நாட்டத்தை உறவினர்கள் முன்னால் கேலிப்பொருளாக்க அனுமதிக்காதீர்கள். மணமேடையைக் காட்டிப் படிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதையும் நிறுத்தச் சொல்லுங்கள். வரும் கோடை விடுமுறையில் ஏதேனும் ஒரு மனநல மருத்துவமனையிலோ மறுவாழ்வு மையத்திலோ இரண்டு மாதம் தன்னார்வலராக இருக்க அவன் அனுமதி கேட்கட்டும். அதற்குப் பிறகும் இதுதான் வேண்டும் என்றால் முதுகலை விண்ணப்பத்தை நிரப்பட்டும். வேண்டாம் என்றால் உங்களுக்குச் செலவானது பேருந்துக் கட்டணம் மட்டுமே, பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.