முடிக்கயிறும் பம்பரும்

ஐயா,

கர்நாடகக் கலைஞர் ஷீலா கவுடாவைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுப் படங்களைத் தேடிப் பார்த்தேன். கார் பம்பர், முடிக்கயிறு, தார் டிரம்! என் சித்தப்பா கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லாரி ஓட்டுகிறார். அவர் பம்பரிலும் இதே கயிறுதான். அவர் கட்டினால் திருஷ்டிக்கு, இவர் கட்டினால் கலையா? வெளிநாட்டுக்காரர்களை ஏமாற்றும் வேலையாகத்தான் எனக்குப் படுகிறது.

கோத்தகிரி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சித்தப்பாவை இழுத்தது நல்லதாயிற்று. கொண்டை ஊசி வளைவில் பனி இறங்கும்போது அத்தனை டன் இரும்பையும் ஒரு முழம் மயிர் காப்பாற்றும் என்று அவர் நம்புகிறார். (வளைவுக்கே கொண்டையிலிருந்துதான் பேர் எடுத்திருக்கிறோம், அது வேறு கதை.) ஷீலா கவுடா அந்த நம்பிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டார். 2009இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் வைத்த ‘பிஹோல்ட்’ படைப்பில் சுமார் 4 கிலோமீட்டர் முடிக்கயிறு, 20 பம்பர்கள். கோயிலில் மொட்டை போட்டவர்களின் முடிதான்; நீள முடி விக்குக்குப் போய்விடும், மிஞ்சிய குட்டை முடி கயிறாகும். சித்தப்பாவின் வண்டியில் பம்பர் கயிற்றைச் சுமக்கிறது, இவரிடம் கயிறு பம்பரைச் சுமக்கிறது. அந்த இடத்தில்தான் நான் இதைக் கலை என்கிறேன்.

1957இல் பத்ராவதியில் பிறந்தவர். பெங்களூரு, சாந்திநிகேதன், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் என்று ஓவியம்தான் படித்தார். 1990களின் தொடக்கத்தில் மாட்டுச் சாணத்தை வைத்துப் படைப்புகள் செய்ய ஆரம்பித்தார். அந்த வேலைகள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை; படத்தில் மட்டும் பார்த்ததால் இருக்கலாம், வாசனை வராதே. 1998இல் ஊசி ஊசியாக நூல் கோத்து, சேர்த்து ஒட்டி, குங்குமம் பூசி, நீளச் சிவப்புக் கயிறுகள் செய்தார். ஏமாற்றுவதற்கு இதைவிடச் சுலபமான வழிகள் எத்தனையோ இருக்கின்றன.

அப்புறம் தார் டிரம். ரோடு போடுகிறவர்கள் டிரம்மை வெட்டித் தட்டையாக்கிக் கட்டிக்கொள்ளும் குடிசையை நம் மலைப்பாதை ஓரத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் எத்தனையோ முறை கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். 2006இல் அவர் செய்த ‘டார்க்ரூம்’ அந்த டிரம்களால் ஆனதுதான். வெளியே தூண்கள் நிற்கும் அரண்மனை மாதிரி, உள்ளே குனிந்துதான் நுழைய வேண்டும், ஒரே இருட்டு, மேலே தகரத்தில் போட்ட பொடிப்பொடி ஓட்டைகள் வழியாக வெளிச்சம் நட்சத்திரம் நட்சத்திரமாக. அதன் படத்தைப் பார்த்தபிறகு கண்ணாடியை ஏற்றக் கை வரவில்லை.

சரி, அந்த பம்பர் படத்தை சித்தப்பாவிடம் காட்டுங்கள். ‘கயிறு தாங்குமா?’ என்றுதான் முதலில் கேட்பார் என்று நினைக்கிறேன். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.