ஆற்றுத் தங்கமும் வீட்டு அமிலமும்: கேள்வி-பதில்

கேள்வி: தாத்தா காலத்தில் தேவாலா ஓடையில் அரித்தெடுத்த தங்கத்துகள் 3 கிராம் வீட்டில் இருக்கிறது. அதை 24 கேரட் ஆக்க அமிலம், மூசை (உருக்கும் கிண்ணம்), வெங்காரம் எல்லாம் சேர்த்து ஆன்லைனில் ஒரு கிட் விற்கிறார்கள். வாங்கலாமா? (கூடலூர் வாசகி)

பதில்: வேண்டாம்மா. ஆற்றுத் தங்கம் வெள்ளி கலந்துதான் வரும். உங்களுடையது 88 டச், அதாவது நூற்றுக்கு 88 பங்கு தங்கம், என்று வைத்துக்கொண்டால் 3 கிராமில் 2.64 கிராம் தங்கம். எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அது அதிகமாகாது. கழுவி வடிகட்டுவதில் குறையத்தான் செய்யும். விற்கும்போது டச் பார்த்துத்தானே பணம் தருகிறார்கள், அப்புறம் எதற்கு இந்தச் செலவு?

நைட்ரிக் அமிலம் வெள்ளியைக் கரைக்கும், தங்கத்தை விட்டுவிடும் என்று கிட்காரர் சொல்வது சரி. ஆனால் தங்கம் அதிகமுள்ள துகளுக்குள் அமிலம் இறங்காது. பட்டறைகளில் ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு வெள்ளி என்று சேர்த்து உருக்கிய பிறகுதான் அமிலத்தில் போடுவார்கள். அப்போது கிளம்பும் பழுப்புப் புகையைச் சுவாசித்தால், சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கும். அமிலம் வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, முகவரியைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எதுவும் கேட்காமல் கூரியரில் அனுப்புகிறவரை நம்பாதீர்கள். கறுப்பு மணல் ஒட்டியிருந்தால் காகிதம் சுற்றிய காந்தத்தை மேலே காட்டுங்கள், பெரும்பகுதி வந்துவிடும். வீட்டில் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

கேள்வி: பாதரசத்தில் துகளைச் சேர்த்து, அந்த உருண்டையைச் சமையலறை அடுப்பில் சுடலாமா?

பதில்: கூடவே கூடாது. ஆவியாகும் பாதரசத்தை மூச்சில் இழுக்கப்போவது உங்கள் பிள்ளைகள்.

கேள்வி: நிலம்பூர் போனபோது, சாலியாற்றுத் தங்கம் என்று ஒருவர் சின்னக் குப்பியில் கொடுத்தார். 18,000 ரூபாய் அனுப்பினேன். கடையில் பித்தளைத் தூள் என்கிறார்கள். என் மீதே கோபமாக இருக்கிறது.

பதில்: உங்கள் மீது ஏன் கோபம்? ஏமாற்றியவர்தான் வெட்கப்பட வேண்டும். சாலியாற்றில் மக்கள் தலைமுறைகளாகப் பொன் அரித்தது உண்மை. அந்த உண்மையைக் காட்டித்தான் பித்தளையை விற்றிருக்கிறார். இது மோசடி, போலீசில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். யுபிஐ ரசீது, அவருடைய எண், குப்பி மூன்றையும் பத்திரமாக வையுங்கள். தூளைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

கேள்வி: நாங்களே ஓடையில் இறங்கி அரிக்கலாமா? நல்ல தட்டு எங்கே கிடைக்கும்?

பதில்: 1957-ஆம் ஆண்டு கனிமச் சட்டப்படி உரிமம் வேண்டும். தட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கேள்வி: துகளை விற்கப் போனேன். ஒரு கடையில் மெஷின் 94 காட்டியது. இன்னொரு கடையில் உள்ளே கொண்டுபோய் உருக்கிவிட்டு 85 என்றார்கள். யார் பொய் சொல்கிறார்கள்?

பதில்: முதல் கடை பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆற்றில் கிடக்கும் துகளின் மேல்பரப்பில் வெள்ளி மெல்ல கரைந்து போய்விடும். உள்ளே அப்படியே இருக்கும். எக்ஸ்ரே மெஷின் படிப்பது மேல்பரப்பை மட்டும்தான். அதனால் உருக்கிப் பார்ப்பதுதான் சரி.

ஆனால் உள்ளே கொண்டுபோய் உருக்குவது என்ன பழக்கம்? வருஷக்கணக்காக இதைப் பற்றி எழுதுகிறேன், இன்னும் நடக்கிறது. நம் பொருள், நம் கண் முன்னால்தான் உருக வேண்டும். உருக்கும் முன் எடை, உருக்கிய பின் எடை, உருகி ஆறிய பொத்தான் போன்ற கட்டியின் இரண்டு பக்கமும் டச், இவை மூன்றும் சீட்டில் எழுதி வாங்குங்கள். மணலும் அழுக்கும் போவதால் எடை கொஞ்சம் குறையும், அது நியாயம். எவ்வளவு குறைந்தது என்று சொல்ல மறுத்தால் துகளைக் கொடுக்காமலே கிளம்புங்கள். தராசில் எடையளவுத் துறை முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் ஆன்லைனில் வாங்கிய முத்திரையில்லாத பாக்கெட் தராசு ஒரே மோதிரத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எடை காட்டியது. மூன்று கிராம் விற்கிறவருக்கு அந்த வித்தியாசமே பெரிய பணம்.

கேள்வி: "இயற்கைத் தங்கம், 24 கேரட்" என்று வாட்ஸ்அப்பில் பார்த்து மோதிரம் வாங்கினேன். பில் இல்லை, ஹால்மார்க் முத்திரை இல்லை. கறுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பில்லும் இல்லை, முத்திரையும் இல்லை என்று தெரிந்தேதானே பணம் கட்டினீர்கள்? ஆற்றிலிருந்து நேராக 24 கேரட் வராது என்று மேலேயே சொல்லிவிட்டேன். சரி, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அடுத்த நகைக்காவது, பணம் கட்டும் முன் நகையில் பொறித்திருக்கும் ஹெச்யுஐடி என்ற ஆறு இலக்க (எழுத்தும் எண்ணும் கலந்த) ஹால்மார்க் குறியை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள்.