விபத்துப் பிரிவில் நன்றாகக் கவனித்த நர்ஸுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தால் போதுமா, வேறு எப்படிப் பாராட்டுவது?

உங்கள் வீட்டில் யாரோ அடிபட்டுப் பிழைத்து வந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நல்லபடியாக இருக்கட்டும். ஸ்வீட் பாக்ஸ் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் நீங்கள் வாங்கிக்கொண்டு போகும் நேரத்தில் அந்த சிஸ்டர் டியூட்டி முடிந்து போயிருப்பார், அடுத்த ஷிஃப்ட் சாப்பிட்டுவிடும். எழுதிக் கொடுங்கள். இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம், நானும் ஒரு சிஸ்டரைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். பாராட்டு இல்லை, புகார்.

2023, மாசி மகம் முடிந்த வாரம். தங்கச்சி வீட்டுக்காரருக்குப் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து கடலூருக்கு பைக்கில் வந்தவர், ரெட்டிச்சாவடி தாண்டி ஒரு மாட்டின் மேல் மோதிவிட்டார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் குடித்திருக்கவில்லை. ராத்திரி அந்த ரோட்டில் எவன் விழுந்தாலும் புதுச்சேரி எல்லை முள்ளோடையில் சரக்கு ஏற்றிக்கொண்டு வந்தவன்தான் என்று ஊரே முடிவு கட்டிவிடுகிறது. விசாரிக்க போன் செய்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் “சரக்கா?” என்றுதான் ஆரம்பித்தார்கள், அதுவும் என் தங்கச்சியிடமே. நடு ரோட்டில் மாட்டை அவிழ்த்து விட்டவன் யார் என்று ஒருத்தர் கேட்கவில்லை. சாயங்காலம் பால் கறக்க மட்டும் மாடு வேண்டும், மற்ற நேரத்தில் அது ரோட்டின் சொத்து. சரி, அதை விடுங்கள்.

108-ல் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை, கேட்காதீர்கள். நான் மஞ்சக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை கண் விழித்துப் பேசிக்கொண்டிருந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தலையெல்லாம் ரத்தமாக, கட்டிடமே அதிரக் கத்திக்கொண்டிருந்தார். அந்த சிஸ்டர் அவரை ஒரு பார்வை பார்த்து, கூட இருந்த பையனிடம் தலையில் துணி வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு, எங்கள் கட்டிலுக்கே திரும்பத் திரும்ப வந்தார். எனக்கு அப்போது அது கோளாறாகத்தான் பட்டது. கத்துகிறவனை விட்டுவிட்டுச் சும்மா கிடக்கிறவரை ஏன் நோண்டுகிறார்?

நாடியைப் பிடித்துப் பார்ப்பார், கையுறை மேலேயே பேனாவால் எழுதிக்கொள்வார், போவார். ஐந்து நிமிடத்தில் மறுபடி வருவார். “பேர் என்ன? இன்னிக்கு என்ன கிழமை?” என்று அதே கேள்வி. மாப்பிள்ளை இடது தோள் வலிக்கிறது என்றார். தோளில் ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கேட்டதும்தான் சிஸ்டர் முகம் மாறியது. வயிற்றின் இடது பக்கம் அழுத்திப் பார்த்தார்.

மாப்பிள்ளை தண்ணி கேட்டார். நாக்கு ஒட்டுகிறது என்று இரண்டு மூன்று முறை கேட்டார். சிஸ்டர் கூடாது என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார். நான் பாட்டிலைத் திறந்து அவர் வாயருகில் கொண்டுபோனேன். எங்கிருந்துதான் வந்தாரோ, பாட்டிலைப் பிடுங்கி வாஷ் பேசினில் கொட்டினார். “சொன்னா புரியாதா சார் உங்களுக்கு? வெளிய போங்க.” அத்தனை பேர் முன்னால். சாகக் கிடக்கிறவனுக்குக்கூடத் தண்ணி மறுக்கக்கூடாது என்று வளர்ந்தவன் நான். கண்டபடி பேசிவிட்டேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவர் பதிலே சொல்லாமல் டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஸ்கேன், அங்கிருந்து நேராக ஆபரேஷன் தியேட்டர்.

விடிந்ததும் கோபம் தணியாமல் புகார் எழுதிப் பெட்டியில் போட்டேன். தண்ணீர் தர மறுத்தார், மரியாதைக் குறைவாகப் பேசினார், ஆபத்தில் இருந்தவரை விட்டுவிட்டார் (கத்திய அந்த ஆளுக்காகவும் சேர்த்து நியாயம் கேட்டிருந்தேன்!).

மூன்றாம் நாள் சர்ஜன் விளக்கினார். ஹேண்டில்பார் குத்தி மண்ணீரல் கிழிந்திருந்தது. உள்ளே கசிந்த ரத்தம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை உறுத்தினால் வலி இடது தோளில் தெரியுமாம். வாலிப உடம்பில் கால் பங்கு ரத்தம் போனாலும் பிரஷர் விழாமல் நிற்கும், நாடி மட்டும் முதலில் ஓட ஆரம்பிக்கும். “பிபி நார்மல்னு விட்டிருக்கலாம். சிஸ்டர்தான் பல்ஸ் ஏறிக்கிட்டே போகுது, கை ஜில்லுன்னு இருக்குன்னு என்னை இழுத்துட்டு வந்தாங்க” என்றார். தண்ணீர் விஷயமும் அப்படித்தான். மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும். கத்துகிறவனுக்கு மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தமாம், பயப்பட வேண்டியது சத்தமில்லாமல் கிடப்பவரைப் பார்த்துத்தான். நர்ஸ் எல்லோரும் இப்படி என்று சொல்ல வரவில்லை. கட்டிலுக்கு மாற்றக் காசு கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் சொல்வது இந்த ஒருவரைப் பற்றி.

நர்சிங் சூப்பரிண்டெண்ட் அறைக்கு ஓடினேன். அதற்குள் மெமோ போய், விளக்கமும் வந்திருந்தது. இரண்டே வரி: நோயாளியை அறுவை சிகிச்சைக்குத் தயார் நிலையில் வைத்திருந்தேன், உறவினர் பதற்றத்தில் இருந்தார். நான் பேசியது எதுவும் அதில் இல்லை. அவர் ஒப்பந்தப் பணியில் இருப்பவர் என்பதே அங்கேதான் தெரிந்தது. புகாரைத் திரும்பப் பெறுகிறேன், பாராட்டி எழுத வேண்டும், எங்கே போடுவது என்று கேட்டேன். “புகார்ப் பெட்டிதான் சார் இருக்கு, அதுலயே போடுங்க” என்றார் கிளார்க்.

போடவில்லை. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் பெயருக்கு எழுதி, நர்சிங் சூப்பரிண்டெண்டுக்கு ஒரு நகல் கொடுத்து, என் பிரதியில் சீல் வாங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தேதி, நேரம், எந்தக் கட்டில், அவர் எதைக் கவனித்தார், உடனே என்ன செய்தார், இதை மட்டும் எழுதுங்கள். தெய்வம், தேவதை என்றெல்லாம் எழுதினால் படிக்கிறவர் ஃபைலில் செருகிவிடுவார். “நாடி ஏறுவதைப் பார்த்து டாக்டரை அழைத்தார்” என்று இருந்தால் ஒரு நிமிடம் நின்று படிப்பார். மே 12 செவிலியர் தினம், அன்று கொண்டுபோய்க் கொடுத்தால் நாலு பேர் முன்னால் வாசிக்கவும் வாய்ப்பு உண்டு. ஜனாதிபதி கையால் கொடுக்கும் தேசிய ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் விருது 1973-லிருந்து இருக்கிறது, ஆனால் நம்மூர் நைட் டியூட்டிக்கும் டெல்லிக்கும் நடுவில் எத்தனை படி என்று உங்களுக்கே தெரியும். அமெரிக்காவில் 1999-ல் மகனைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் தொடங்கிய டெய்ஸி விருதுக்கு, நோயாளியும் வீட்டாரும் எழுதிக் கொடுப்பதை வைத்தே நர்ஸைப் பரிந்துரைக்கலாமாம். இங்கே அதற்கு நம் வெள்ளைத் தாள்தான்.

டிஸ்சார்ஜ் அன்று வராண்டாவில் அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “இப்ப நல்லா தண்ணி குடிக்கிறாரா?” என்று கேட்டுவிட்டு, ட்ரேயோடு போய்க்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளைக்கு அந்த ராத்திரியில் வேறு எதுவும் ஞாபகமில்லை. இன்றைக்கும் யாராவது கேட்டால், “ஒரு மடக்குத் தண்ணி தரல மச்சான் அந்தம்மா” என்றுதான் ஆரம்பிக்கிறார்.