விண்டோஸ் 11-க்கு மாறியதும் பில்லிங் மென்பொருள் திறக்கவில்லையா? ஃபார்மட் வேண்டாம்

கேள்வி: கடைக் கம்ப்யூட்டரை விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாற்றி நான்கு நாள் ஆகிறது. அன்றிலிருந்து பழைய பில்லிங் மென்பொருள் திறக்கவில்லை. ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்கிறார் சர்வீஸ்காரர். ஆறு வருஷக் கணக்கு அதில் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். பெரும்பாலும் உங்கள் மென்பொருள் நம்பியிருந்த ஏதோ ஒரு துணை மென்பொருள்தான் இப்போது இல்லை. புதிதாகப் போடும் விண்டோஸ் 11-லும் அது இருக்காது. அதே எரர் வரும். கூடவே கணக்கும், அந்தக் கம்ப்யூட்டரோடு கட்டிய லைசென்ஸும் போகும். ஃபார்மட் கூலி வாங்கியவரே புது லைசென்ஸுக்கும் ஆள் காட்டுவார்.

முதல் வேலை, டேட்டாவை பென் டிரைவில் எடுப்பது. மென்பொருளின் ஃபோல்டரை முழுதாக காப்பி செய்யுங்கள். அது எஸ்கியூஎல் சர்வரில் (கணக்கைச் சேமித்துவைக்கும் மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ் மென்பொருள்) ஓடுவதானால், விண்டோஸின் 'சர்வீசஸ்' (பின்னணியில் ஓடும் புரோகிராம்கள்) பட்டியலில் எஸ்கியூஎல் சர்வரை 'ஸ்டாப்' செய்துவிட்டு, எம்டிஎஃப் (.mdf), எல்டிஎஃப் (.ldf) என்று முடியும் ஃபைல்களை இரண்டும் சேர்த்து எடுக்க வேண்டும். சர்வீஸ் ஓடிக்கொண்டிருந்தால் ஃபைல் காப்பி ஆகாது.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' என்று தேடித் திறந்து, டாட் நெட் ஃப்ரேம்வொர்க் 3.5 (.NET Framework 3.5) என்ற துணை மென்பொருளை டிக் செய்யுங்கள். பழைய பில்லிங் மென்பொருள்கள் பலவும் இதை நம்பியே எழுதப்பட்டவை. இன்டர்நெட் இணைப்பு வேண்டும், முடிந்ததும் ரீஸ்டார்ட்.

'டிஎல்எல் ஃபைல் (மென்பொருள் ஓடத் தேவையான துணை ஃபைல்) இல்லை' என்று எரர் வந்தால் அந்தப் பெயரைக் கூகுளில் தேடி, இலவசமாக டிஎல்எல் தரும் தளங்களில் இறக்கவே கூடாது. வைரஸ் நுழையும் வழி அது. 'டிரைவர் அப்டேட்டர்', 'பிசி ரிப்பேர்' என்று விற்பவையும் அப்படித்தான்: நூறு கோளாறு காட்டிப் பணம் கேட்கும், உங்கள் கோளாறைத் தொடாது. விடுபட்டது எம்எஸ்விசிபி (msvcp), விசிரன்டைம் (vcruntime) என்று தொடங்கும் ஃபைலானால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அந்த ஃபைல்கள் அடங்கிய விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை இறக்குங்கள். எக்ஸ்86 (32-பிட்), எக்ஸ்64 (64-பிட்) இரண்டையும் போடுங்கள். விண்டோஸ் 64-பிட் ஆனாலும், 32-பிட் மென்பொருளுக்கு எக்ஸ்86 பதிப்புதான் வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

ஒரு விதிவிலக்கு. மென்பொருள் திறக்கிறது, ஆனால் 'சர்வர் கிடைக்கவில்லை' என்கிறது; சர்வீசஸில் எஸ்கியூஎல் சர்வரை ஸ்டார்ட் செய்தாலும் உடனே நின்றுவிடுகிறது என்றால், கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டி டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். எஸ்கியூஎல் சர்வர் ஏற்பது 512 அல்லது 4,096 பைட் செக்டர் (டிஸ்க் டேட்டாவைப் பிரித்து எழுதும் துண்டு) அளவை மட்டுமே. சில என்விஎம்இ (வேகமான புதுவகை) எஸ்எஸ்டிகளின் செக்டர் அளவு 8,192 அல்லது 16,384. விண்டோஸ் 10 அதை வெளியே சொல்லவில்லை. விண்டோஸ் 11 சொல்லிவிடுகிறது, சர்வர் ஓட மறுக்கிறது. விண்டோஸ் கோளாறுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'மிஸ்அலைன்டு' (misaligned) என்ற சொல் இருந்தால் இதுதான் காரணம். என்விஎம்இ டிரைவர் 4,096 என்றே காட்டும்படி ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடு) ஒரு பதிவு சேர்த்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். வழிமுறையை மைக்ரோசாஃப்ட்டே வெளியிட்டிருக்கிறது. தெரிந்தவரிடம் இந்தப் பத்தியைக் காட்டிச் செய்யச் சொல்லுங்கள். ஃபார்மட் செய்தாலும் எஸ்எஸ்டி அதேதான், விண்டோஸும் அதேதான்.

எதுவும் பலிக்காவிட்டால் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம்: செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, 'கோ பேக்'. மாறிய நாளிலிருந்து 10 நாள்தான் அவகாசம். உங்களுக்கு இன்னும் ஆறு நாள். அதுவரை டிஸ்க் கிளீனப் செய்ய எவரையும் விடாதீர்கள். பழைய விண்டோஸ் இருக்கும் 'விண்டோஸ் ஓல்டு' (Windows.old) ஃபோல்டர் போனால் இந்த வழியும் போய்விடும். திரும்பினாலும் ஃபைல்கள் இருக்கும். விண்டோஸ் 11-க்கு மாறிய பின் போட்ட மென்பொருள்களும் மாற்றிய செட்டிங்ஸும் மட்டும் நீங்கும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. ஆகவே மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புத் திட்டத்தில் (இஎஸ்யு) பதிவு செய்யும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை வேண்டாம்.