ஆய்வுக்குழுவில் சேர விரும்பும் மகள்: தண்டையார்பேட்டை பெற்றோருக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

எம்.எஸ்சி. வேதியியல் முடித்த தங்கள் மகள், திடப்பொருள்களின் பரப்பில் நிகழும் வினைகளை ஆராயும் மேற்பரப்பு வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்ல விரும்புவதையும், மணலியில் ஏதேனும் ஓர் ஆலையில் உடனே வேலைக்குச் சேர்ந்தால் வீட்டுக்கு உதவியாக இருக்குமே என்று தாங்கள் தயங்குவதையும் எழுதியிருந்தீர்கள். அந்த ஆலைகளிலிருந்து விலகிப்போகும் படிப்பு அல்ல இது. உரத் தொழிற்சாலைகளில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் அம்மோனியாவாக மாறுவது இரும்பு வினையூக்கியின் மேற்பரப்பில்தான். அவ்வினை படிப்படியாக எவ்வாறு நிகழ்கிறது என்று காட்டியது, ஜெர்மானிய வேதியியலாளர் கெர்ஹார்ட் எர்ட்லுக்கு 2007-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றுத்தந்த பணிகளுள் ஒன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு, குடிநீரில் கலந்த பூச்சிக்கொல்லிகளை நானோ துகள்களின் பரப்பில் பிடித்து நீக்கும் முறையை உருவாக்கியது.

ஆனால், இத்துறையில் அன்றாட ஆய்வுப்பணி மிக மெதுவாகவே நகரும். காற்றை வெளியேற்றிய ஆய்வுக் கலத்தினுள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்கே இருந்தாலும், தூய்மையாக்கிய உலோகப் பரப்பை எஞ்சிய வாயு மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரு வினாடியில் மூடிவிடக்கூடும். அதனால் இத்துறையின் பல குழுக்களில் மாணவர்கள் அந்த வெற்றிடக் கலத்தைச் சூடேற்றி, நாள்கணக்கில் பம்புகளை ஓட்டி, கசிவைத் தேடி அடைத்த பிறகே அளவீட்டைத் தொடங்க முடிகிறது. "இன்னும் ரீடிங் வரவில்லை" என்று மாதக்கணக்கில் தங்கள் மகள் சொன்னால், அதைச் சோம்பலென்று தயவுசெய்து எண்ணாதீர்கள். வெற்றிடக் கருவியைப் பழுதுபார்க்கவும், ஐயத்துக்குரிய அளவீட்டை அடையாளம் காணவும் அக்காலத்தில் பழகும் கைகளைத்தான் வினையூக்கி, பூச்சு, அரிப்புத்தடுப்பு, குறைகடத்தி நிறுவனங்கள் பின்னர் தேடுகின்றன.

பணத்தைப் பொறுத்தவரை, தேசிய தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023-இல் உயர்த்தப்பட்டபடி மாதந்தோறும் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மதிப்பீட்டில் தேறினால் 42,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். உதவித்தொகை உறுதியாகாமல் சேர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

குழுவின் பெயரையும் கட்டுரைகளின் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முன்பு அங்கே பயின்றவர்கள் எத்தனை ஆண்டுகளில் பட்டம் பெற்றார்கள், இப்போது எங்கே பணியாற்றுகிறார்கள், தம் சொந்த உழைப்பில் வந்த கட்டுரையில் அவர்கள் பெயரே முதலில் இடம்பெற்றதா, கருவி நேரம் எப்படிப் பகிரப்படுகிறது என்பவற்றை, நெறியாளர் உடனில்லாத வேளையில் மூத்த மாணவர்களிடம் தங்கள் மகள் கேட்டறியட்டும். கிண்டிப் பக்கம் இடம் கிடைத்தால் மெட்ரோவில் போய்வரலாம்தான். இருப்பினும் அளவீடு இரவு முழுவதும் நீளும் நாள்கள் உண்டு என்பதால், சேரும்போதே விடுதிக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.